ரிவர் வேலி ரோட்டு இரும்புக் கம்பெனி: தேக்கா கேள்வி-பதில்

போன இதழில் யுனைடெட் எஞ்சினியர்ஸ் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விகளே இந்த இதழை நிரப்பிவிட்டன. சினிமாக் கேள்விகளும் சமையல் கேள்விகளும் அடுத்த இதழில்.

கேள்வி: தைப்பூசத்தன்று டேங்க் ரோட்டுக் கோயிலை நெருங்கும்போது பக்கத்தில் யூ.இ. ஸ்குவேர் என்று ஒரு பெரிய கட்டடம் தெரிகிறதே, அந்த யூ.இ. யார்? (வாசகி, பஃபலோ ரோடு)

பதில்: யுனைடெட் எஞ்சினியர்ஸ். சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயிலில் பால்குடம் எடுத்து, அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தண்டாயுதபாணியைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் பக்கத்துக் கட்டடத்தையும் பார்த்திருக்கிறீர்கள். அந்த இடத்தில் ஒரு காலத்தில் இரும்பு உருக்கினார்கள். 1865-இல் சிங்கப்பூரில் தொடங்கிய ரைலி ஹார்கிரீவ்ஸ் ஒரு கம்பெனி. பின்னால் வந்து அதற்குப் போட்டியாக நின்ற ஹோவார்த் எர்ஸ்கின் இன்னொன்று. இரண்டையும் நடத்தியவர்கள் பிரிட்டிஷ் எஞ்சினியர்கள். 1912-இல் இரண்டும் கைகோத்துப் பிறந்ததுதான் யுனைடெட் எஞ்சினியர்ஸ். கோயிலுக்கு வயது அதைவிட அதிகம். செட்டியார்கள் அதை எழுப்பியது 1859-இல். முருகன் வந்து ஆறு வருஷம் கழித்துத்தான் ரைலியும் ஹார்கிரீவ்ஸும் இந்த ஊரில் கடை திறந்தார்கள்.

கேள்வி: அப்படியென்றால் அது பிரிட்டிஷ் கம்பெனியா, சிங்கப்பூர்க் கம்பெனியா? (வாசகர், ஈசூன்)

பதில்: முதல் போட்டவர்கள் பிரிட்டிஷார், பிறந்தது சிங்கப்பூரில். லண்டனிலோ கிளாஸ்கோவிலோ இருந்த ஒரு தாய்க் கம்பெனி இங்கே அனுப்பிவைத்த கிளை இல்லை அது. இந்தத் துறைமுகத்தின் தேவைக்காக இந்த ஊரிலேயே உருவானது. பெரிய வேறுபாடு இது. தாய்க் கம்பெனி செத்தால் கிளையும் பெரும்பாலும் சாகும். இதற்கு அந்தக் கவலை இல்லாததால்தான், பேரரசு மூட்டை கட்டிப் போன பிறகும் கம்பெனி இருந்தது.

கேள்வி: எஞ்சினியரிங் கம்பெனி என்றால் என்ன எஞ்சினியரிங்? ஏதாவது ஒன்றில் கெட்டிக்காரர்களா, இல்லை எல்லாவற்றிலும் கைவைத்தார்களா? (பாலிடெக்னிக் மாணவி, உட்லண்ட்ஸ்)

பதில்: எல்லாவற்றிலும்தான். ஆனால் பேராசையால் அல்ல, தூரத்தால். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் நீராவிக் கப்பல்கள் இந்தப் பக்கம் குவிந்தன. 1871-இல் மெட்ராஸிலிருந்து பினாங்கு வழியாகக் கடலுக்கடியில் தந்திக்கம்பி சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தது. இனி "பாய்லர் வெடித்துவிட்டது, புதுத் தகடு அனுப்பு" என்று சீமைக்குச் செய்தி சொல்ல அதிக நேரம் ஆகாது. ஆனால் தகடு கம்பி வழியாக வராதே! அது கப்பலேறி வரவேண்டும், வாரக்கணக்காகும். அதுவரை உடைந்த கப்பல் நங்கூரம் போட்டுக் காத்திருந்தால் ஒவ்வொரு நாளும் நஷ்டம். இந்த இடைவெளியில்தான் இவர்கள் பிழைத்தார்கள். வார்ப்படச் சாலை வைத்து இங்கேயே வார்த்தார்கள், கடைந்தார்கள், ரிவெட் அடித்தார்கள்.

கப்பல் பழுதுபார்க்க உலை வைத்தவனிடம் பாலத்துக்கு உத்தரம் கேட்டால் செய்வான். பாலம் செய்தவனிடம் கிடங்குக்குக் கூரைச் சட்டம் கேட்பார்கள். அப்புறம் ரப்பர் ஆலைக்கு உருளை, ஈயச் சுரங்கத்துக்குப் பம்பு, ஆற்றில் ஓட சிறு நீராவிப் படகு. இவை போக, சீமையில் செய்த இயந்திரங்களை இறக்கி விற்கும் ஏஜென்சி வேலை வேறு. ஒரே உலை, ஒரே லேத், ஒரே ஆள்கள். வருகிற வேலைதான் மாறியது. இன்றைக்கு "டைவர்சிஃபைட்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கம்பெனிகள் பங்குகளை வாங்கி விற்று அப்படி ஆகின்றன. ரிவர் வேலி ரோட்டில் அது வாசலுக்கு வந்த வேலையால் ஆனது. எனக்கு இரண்டாவதன்மேல்தான் மரியாதை.

கேள்வி: ஏன் 1912? போட்டி போட்டவர்கள் திடீரென்று ஏன் சேர்ந்தார்கள்? (வாசகர், ரேஸ் கோர்ஸ் ரோடு)

பதில்: காலத்தைப் பாருங்கள். 1910-இல் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனது. மலாயாக் காடுகள் பல தோட்டமாயின. ஈயத்துக்கு மண்ணைக் கையால் வெட்டிய இடங்களில் வாளிச் சங்கிலி பூட்டிய பெரிய மிதவை இயந்திரங்கள் வரத் தொடங்கியதும் அதே சமயம்தான். வேலை சிறு பட்டறைகளின் கைக்குள் அடங்காத அளவுக்கு வளர்ந்துவிட்டது. இருவரும் ஒருவர் விலையை ஒருவர் அறுத்துக்கொண்டிருந்தால் லாபம் தோட்ட முதலாளிக்குத்தான்.

கேள்வி: அவர்கள் செய்ததில் இன்று கண்ணால் பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா? (தந்தை, இரு பிள்ளைகளுடன், பெந்தமியர்)

பதில்: உண்டு. ஆண்டர்சன் பாலம். ஃபுல்லர்ட்டன் ஹோட்டலுக்குப் பக்கத்தில், சிங்கப்பூர் ஆற்றின் வாயில் நிற்கும் அந்த மூன்று வளைவு இரும்புப் பாலம். 1910 மார்ச்சில் திறந்தது. அதன் மேற்பகுதி இரும்பு வேலை முழுக்க ஹோவார்த் எர்ஸ்கின் செய்தது. கரைத்தாங்கிகளை வேறொரு கம்பெனி கட்டியது.

அதற்குக் கொஞ்சம் மேலே கேவனா பாலம் இருக்கிறது. அதையும் பார்க்கவேண்டும், ஏனென்றால் கதை அங்கேதான் தொடங்குகிறது. 1869-இல் கட்டியது. இரும்பு எல்லாம் கிளாஸ்கோவின் பி. அண்ட் டபிள்யூ. மெக்லெல்லன் கம்பெனியில் செய்து கப்பலில் வந்தது. இங்கே அதைப் பூட்டி நிறுத்தியவர்கள் இந்தியக் கைதிகள். குற்றவாளிகள் என்று நம் துறைமுகங்களிலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்தவர்கள்தான் செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் கட்டினார்கள். அவர்கள் செய்த கடைசிப் பெரிய வேலை கேவனா பாலம் என்று சொல்வார்கள்.

அந்தப் பாலம் கனத்த வண்டிகளைத் தாங்கவில்லை. மூன்று அந்தர், அதாவது சுமார் 150 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியும், மாடும் குதிரையும் போகக்கூடாது என்று அறிவிப்புப் பலகை வைத்தார்கள். பலகை இன்றும் இருக்கிறது. மாட்டு வண்டியும் மாட்டுத் தொழிலுமாகக் கிடந்த தேக்காவுக்கு அந்தப் பலகை எவ்வளவு பெரிய தடை என்று யோசித்துப் பாருங்கள். ஆண்டர்சன் பாலம் வந்த பிறகுதான் பார வண்டிகள் ஆற்றின் வாயில் நிம்மதியாகக் கடந்தன. 2019-இல் இரண்டு பாலங்களும், அடுத்துள்ள எல்ஜின் பாலமும் சேர்ந்து தேசிய நினைவுச்சின்னமாயின. இரவுக் கார்ப் பந்தயத்தில் ஃபார்முலா ஒன் வண்டிகள் ஓடுவதும் ஆண்டர்சன் பாலத்தின் மேல்தான். கிளாஸ்கோவில் செய்தது நடைபாலமாகிவிட்டது, நம் ஊர்ப் பட்டறையில் செய்தது பந்தயக் காரைத் தாங்குகிறது.

கேள்வி: டன்லப் ஸ்திரீட் டயர் கம்பெனி பெயரில் வந்ததா? (வாசகர், டன்லப் ஸ்திரீட்டிலிருந்தே)

பதில்: இல்லை. போலீஸ் தலைவராக இருந்த கர்னல் சாமுவேல் டன்லப் பெயரில் வந்தது. ரப்பருக்கும் உங்கள் தெருவுக்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: ரப்பருக்கும் தேக்காவுக்குமாவது சம்பந்தம் உண்டா? (அதே தெரு, பக்கத்து வீடு)

பதில்: அதற்கு உண்டு. கெர்பாவ் ரோட்டில் வண்ண வண்ணக் கதவுகளோடு நிற்கும் டான் டெங் நியா வீட்டை எல்லோரும் படம் எடுத்துப் போடுகிறீர்கள். 1900-இல் கட்டிய வீடு. டான் மிட்டாய்த் தொழில் செய்தவர். ரப்பர் உலர்த்தப் புகைவீடும் வைத்திருந்தார், கரும்பையே அதற்கு எரிபொருளாக்கினார். மிட்டாய்த் தொழிலின் கரும்பு ரப்பரைப் புகைத்திருக்கிறது. அடுத்த முறை படம் எடுக்கும்போது இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: என் பாட்டி ஜோகூர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். "இருட்டோடு எழுந்து போவோம், வெள்ளைக்காரன் மிஷின் எங்களைக் கேட்காமலே ஓடும்" என்பார். அந்த மிஷின் இந்தக் கம்பெனியுடையதா? (வாசகி, சிராங்கூன் நார்த்)

பதில்: உங்கள் பாட்டியின் தோட்டத்து மிஷினில் எந்தப் பெயர் பொறித்திருந்தது என்று அவர்தான் சொல்லியிருக்க முடியும். யுனைடெட் எஞ்சினியர்ஸ் ரப்பர் ஆலை இயந்திரங்கள் செய்து மலாயா எங்கும் விற்றது என்பது உறுதி.

பாட்டி சொன்னதில் உள்ள அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. விடிவதற்கு முன் மரத்தைச் சீவினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் காயம் உறைந்து நின்றுவிடும். சேர்ந்த பாலைத் தண்ணீர் கலந்து தொட்டியில் ஊற்றி, ஃபார்மிக் அமிலம் விட்டு உறையவைப்பார்கள். உறைந்த பாளத்தை அடுத்தடுத்த இரும்பு உருளைகளுக்கிடையில் விட்டு நீரைப் பிழிவார்கள். கடைசி உருளையில் வரிவரியாகக் கோடு வெட்டியிருக்கும். அந்த வரியால்தான் தகடு சீக்கிரம் காயும். பிறகு புகைவீட்டில் தொங்கவிடுவார்கள். இதில் ஓர் உருளை பழுதானாலும் அன்றைய பால் வீண். வெட்டிய கைக்குக் கூலி குறையும்.

நம் வரலாற்றில் தோட்டத் தமிழர் ஒரு பக்கமும், பட்டறை எஞ்சினியர் இன்னொரு பக்கமும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறார்கள். இரண்டையும் இணைத்தது அந்த உருளை. ரிவர் வேலி ரோட்டின் லாபக் கணக்கில் உங்கள் பாட்டியின் அதிகாலையும் இருக்கிறது. இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

கேள்வி: தேக்காவிலேயே பிரிட்டிஷ் எஞ்சினியரிங் வேலை ஏதும் நடக்கவில்லையா? எல்லாம் ஆற்றங்கரையில்தானா? (வாசகர், கேம்பெல் லேன்)

பதில்: நடந்தது. ரோச்சோர் கால்வாயைத் தாண்டினால் மெக்கன்ஸி ரோடு. 1905-இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியபோது அதற்கான மின் நிலையமும் பணிமனையும் அங்கேதான். ஒரு தடம் நம் சிராங்கூன் ரோடு வழியாகப் பாயா லேபார் பக்கம் போனது. டிராம் நஷ்டத்தில் ஓடியது. 1926-இல் சிங்கப்பூர் டிராக்‌ஷன் கம்பெனி டிராலி பஸ்களை இறக்கியது. மேலே கம்பி உண்டு, கீழே தண்டவாளம் கிடையாது. 1962 வரை அவை ஓடின. கம்பெனியே 1971-இல் முடிந்தது. அதற்கிடையில் 1955-இல் அதன் தொழிலாளர்கள் நடத்திய நீண்ட வேலைநிறுத்தத்தைப் பழைய ஆள்கள் இன்னும் பேசுவார்கள்.

கேள்வி: கலாங் ரோட்டு மன்மத காருணீஸ்வரர் கோயிலை "கேஸ் கம்பெனிக் கோயில்" என்று என் மாமனார் சொல்வார். ஏன்? (வாசகி, லாவெண்டர்)

பதில்: பக்கத்தில் கலாங் எரிவாயு ஆலை இருந்தது. சிங்கப்பூர் கேஸ் கம்பெனி 1862-இல் கட்டியது. 1864 மே 24, விக்டோரியா மகாராணியின் பிறந்தநாள் அன்று இந்த ஊர்த் தெருவில் முதன்முதலாக கேஸ் விளக்கு எரிந்தது. 1901-இல் நகராட்சி ஆலையை வாங்கியது. நிலக்கரியை உலையில் போட்டு வாயு எடுக்கும் வேலை. வெக்கையும் புகையும் தாங்கி அதில் வேலை செய்த நம் ஆள்கள் கும்பிட்ட கோயில் அது, 1888-லிருந்து. ஆலை 1998-இல் மூடியது. கோயில் இருக்கிறது. அலெக்ஸாண்ட்ராச் செங்கல் சூளையை ஒட்டி எழுந்த ருத்ர காளியம்மன் கோயிலின் கதையும் இதே மாதிரிதான். பிரிட்டிஷ் கம்பெனிகள் எங்கெங்கே உலை வைத்தன என்று தெரிய வேண்டுமா? பழைய கோயில்களின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மாமனார் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

கேள்வி: என் அப்பா செம்பவாங் நேவல் பேஸில் ஃபிட்டர். 1968-இல் "வெள்ளைக்காரன் போகிறான், வேலையும் போகிறது" என்று வீட்டில் அழுகை. பிறகு பார்த்தால் அதே வெள்ளைக்காரன் மானேஜராக வந்தான் என்கிறார். இது எப்படி? (வாசகி, செம்பவாங்)

பதில்: போனது பிரிட்டிஷ் கடற்படை, வந்தது பிரிட்டிஷ் கம்பெனி. அப்பா இரண்டையும் பார்த்திருக்கிறார்.

1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை 1971-க்குள் திருப்பி அழைப்பதாக அறிவித்தது. அப்போது நாட்டு வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களால் வந்தது. செம்பவாங்கில் மட்டும் எத்தனை குடும்பங்கள்! தமிழரும் மலையாளிகளும் அங்கே தனி உலகமாகவே வாழ்ந்தார்கள். கடற்படைப் பட்டறையை ஒரு வெள்ளி அடையாள விலைக்குச் சிங்கப்பூர் அரசு அந்த ஆண்டு டிசம்பரில் வாங்கிக்கொண்டது. போர்க்கப்பல் பழுதுபார்த்த பட்டறையில் வணிகக் கப்பலைப் பழுதுபார்த்து லாபம் பார்க்க வேண்டும். அது வேறு வித்தை. அதற்குத்தான் டைன் ஆற்றங்கரையிலிருந்து ஸ்வான் ஹன்டர் கம்பெனியை நிர்வாகத்துக்கு அழைத்தார்கள். கெப்பல் கப்பல்பட்டறையையும் தொடக்கத்தில் அவர்களே நடத்தினார்கள். 1972-இல் அது உள்ளூர்க் கைக்கு வந்தது. செம்பவாங் 1978-இல்.

ஸ்வான் ஹன்டருக்குச் செம்பவாங் புதிய இடமும் இல்லை. 1928-இல் இங்கே ஒரு மாபெரும் மிதவைத் துறை வந்தது. 50,000 டன் கப்பலைத் தண்ணீருக்கு மேலே தூக்கக்கூடியது. அதைக் கட்டியது ஸ்வான் ஹன்டர். துண்டு துண்டாகப் பிரித்து டச்சு இழுவைக் கப்பல்கள் சூயஸ் வழியாக இழுத்துவந்தன. பத்து வருஷம் கழித்து, 1938 பிப்ரவரி 14 அன்று, கரையில் ஆயிரம் அடி நீள ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறை திறந்தது. உங்கள் அப்பாவின் கால் அந்த உலர்துறைப் படிகளில் பதிந்திருக்கும்.

நான் ஆணித்தரமாகச் சொல்வது ஒன்று. 1968-இல் பட்டறை மூடாமல் பிழைத்ததற்கு ஸ்வான் ஹன்டரின் நிர்வாகம் ஒரு காரணம். கப்பலின் அடிவயிறு தெரிந்த ஃபிட்டர்களும் வெல்டர்களும் ரிக்கர்களும் ஏற்கெனவே அங்கே இருந்தது அதைவிடப் பெரிய காரணம். மானேஜரை விமானத்தில் வரவழைக்கலாம். இருபது வருஷக் கைப்பழக்கத்தை எந்த விமானத்தில் ஏற்றுவது?

கேள்வி: ஸ்வான் ஹன்டர் இப்போது எங்கே? (அதே வாசகியின் தம்பி)

பதில்: பிரிட்டனில் 1977-இல் தேசியமயமானது, பிறகு திரும்பத் தனியார் கைக்கு வந்து மெல்ல மெல்ல ஓய்ந்தது. வால்ஸெண்ட் பட்டறையின் பெரிய கிரேன்களை 2007-இல் இந்தியாவின் பாரதி ஷிப்யார்டு வாங்கிக்கொண்டு போனது. அவர்கள் சொல்லிக்கொடுத்த செம்பவாங்கும் கெப்பலும் 2023-இல் கடல்சார் தொழிலை ஒன்றாக்கி சீட்ரியம் ஆகிவிட்டன.

கேள்வி: பினாங்குத் தைப்பூசத்துக்குப் பஸ்ஸில் போகும்போது மலேசிய நெடுஞ்சாலையில் யூ.இ.எம். என்று பார்த்திருக்கிறேன். நம் யூ.இ.க்கு அது உறவா? (வாசகர், ஹவ்காங்)

பதில்: ஒரே வயிற்றுப் பிள்ளை. சிங்கப்பூர் 1965-இல் தனிநாடானது. காலப்போக்கில் மலேசியப் பக்கத்துத் தொழில் தனிக் கம்பெனியாகப் பிரிந்தது: யுனைடெட் எஞ்சினியர்ஸ் மலேசியா. பிரிந்த பிறகு தம்பி அண்ணனைவிடப் பெரியவனாகிவிட்டான். புக்கிட் காயு ஹித்தாமிலிருந்து ஜோகூர் பாரு வரை நீங்கள் போகும் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை ஒப்பந்தம் அவர்களுக்குத்தான் கிடைத்தது. 1994-இல் முழுச்சாலையும் திறந்தது. துவாஸிலிருந்து மலேசியா போகும் இரண்டாவது பாலத்தின் அந்தக் கரை நெடுஞ்சாலையும் அவர்கள் வேலை. 1998-இல் வண்டிகள் ஓடின.

கேள்வி: அந்த ஒப்பந்தத்தில் கோர்ட் கேஸ் எல்லாம் நடந்ததாமே? (வாசகர், சையத் ஆல்வி ரோடு)

பதில்: நடந்தது. ஆளுங்கட்சியான அம்னோவோடு தொடர்புள்ள ஹாத்திபுடி என்ற நிறுவனம் யூ.இ.எம்.மில் பெரும் பங்கு வைத்திருந்தது. அப்படிப்பட்ட கம்பெனிக்கே இவ்வளவு பெரிய அரசு வேலையா என்று எதிர்க்கட்சித் தலைவர் லிம் கிட் சியாங் வழக்குப் போட்டார். கையெழுத்தைத் தற்காலிகமாக நிறுத்தியும் வைத்தார். 1988-இல் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அவருக்கு வழக்குப் போடும் தகுதி இல்லை என்றது. மலேசியச் சட்டம் படிக்கிற எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இந்த வழக்கைச் சொல்லும். அந்தச் சாலையில் நானும் போகிறேன், நல்ல சாலை. அதற்காக லிம் கேட்ட கேள்வி தப்பாகிவிடாது. அரசு கொடுக்கும் வேலை யாருக்குப் போகிறது என்று கேட்க ஒரு குடிமகனுக்கு உரிமை வேண்டும்.

கேள்வி: நான் புதுக்கோட்டைப் பக்கம். துவாஸில் ஒர்க் பெர்மிட்டில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை தேக்கா வந்தால் உங்கள் பத்திரிகையை வாங்குவேன். நம் ஊரிலும் இப்படி வெள்ளைக்காரக் கம்பெனி இருந்ததா அண்ணே? (வாசகர், துவாஸ்)

பதில்: இருந்தது தம்பி, சென்னைக்குப் போனபோது நீங்களே பார்த்திருப்பீர்கள். மவுண்ட் ரோட்டு சிம்ப்ஸன். 1840-இல் குதிரை வண்டி கட்ட ஆரம்பித்த கம்பெனி. கவர்னருக்கும் ராஜாக்களுக்கும் கோச்சு செய்தது. அப்புறம் ரயில் பெட்டி, பஸ் பாடி, பிறகு டீசல் எஞ்சின். 1903-இல் அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்து ஓட்டினார். இந்தியாவில் செய்த முதல் நீராவிக் கார் என்று அதைச் சொல்வார்கள். நம் தொழிலதிபர் அனந்தராமகிருஷ்ணன் உள்ளே போய், 1938-இல் அமால்கமேஷன்ஸ் என்ற குழுமத்தை அமைத்து, அதைத் தமிழ்நாட்டுக் கையில் கொண்டுவந்தார்.

அம்பத்தூருக்கு வாருங்கள். பர்மிங்காமின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியோடு முருகப்பா குடும்பம் 1949-இல் சேர்ந்து டி.ஐ. சைக்கிளைத் தொடங்கியது. ஹெர்குலிஸ் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகாத ஊர் உண்டா? இங்கிலாந்தின் டி.ஐ. குழுமம் 2000-இல் இன்னொரு கம்பெனியோடு கரைந்து பெயரிழந்தது. சென்னையில் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் ஆஃப் இந்தியா இன்றும் அதே பெயரில் நடக்கிறது. திருவொற்றியூரில் 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டும் அப்படியே. ரெட்டிச்சில் தாய் ஆலை மூடியது, புல்லட் வண்டி இங்கே ஓடிக்கொண்டே இருந்தது. எண்ணூர் அசோக் லேலண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் இந்த இடத்தில் ஒரு பெரிய வித்தியாசம். சென்னையில் கம்பெனி கைமாறியபோது பட்டறையும் கைமாறியது. லேத் ஓடிக்கொண்டே இருந்தது. ரிவர் வேலி ரோட்டில் பெயர் நிலைத்தது, லேத் போய்விட்டது.

கேள்வி: லேத் எப்படிப் போனது? கம்பெனி இப்போது யாருடையது? (வாசகர், பங்குச்சந்தைப் பிரியர், நொவீனா)

பதில்: நிலம்தான் காரணம். ஊருக்கு வெளியே இருந்த பட்டறை, ஊர் வளர்ந்து நடுவே வந்துவிட்டது. வார்ப்படச் சாலையின் லாபத்தைவிட அது நின்ற மண்ணின் விலை அதிகம். 1990-களில் அங்கே அலுவலகமும் கடையும் அபார்ட்மெண்டுமாக யூ.இ. ஸ்குவேர் எழுந்தது. பெரும்பங்கு நெடுங்காலம் ஓ.சி.பி.சி. வங்கியிடமும் அதைச் சேர்ந்த கிரேட் ஈஸ்டர்ன் காப்புறுதியிடமும் இருந்தது. 2013-இல் யூ.இ. டபிள்யூ.பி.எல். கம்பெனியை வாங்கியது. 2017-இல் வங்கித் தரப்பு தன் பங்கை விற்றது. சீனச் சொத்து நிறுவனமான யான்லார்ட் கடைசியில் முழுக்கத் தன் கைக்குள் எடுத்தது. 2020-இல் பங்குச்சந்தைப் பட்டியலிலிருந்து யூ.இ. இறங்கிவிட்டது. இனி நீங்கள் அதை வாங்க முடியாது, வாடகைக்கு இடம் மட்டும் எடுக்கலாம்.

கேள்வி: டபிள்யூ.பி.எல். என்றால்? (நொவீனாக்காரரே, இரண்டாவது கடிதத்தில்)

பதில்: வேர்ன் பிரதர்ஸ் லிமிடெட். இந்த ஊரில் 1906-இல் கார் விற்கத் தொடங்கிய அண்ணன் தம்பிகள். 1937-இல் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு என்று விமானமே விட்டார்கள். போர் வந்து அது நின்றது. பாய்லர்காரரின் வாரிசு கார்க்காரரின் வாரிசை வாங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு பட்டறை கட்டடமாவது வளர்ச்சிதானே? இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது? (வாசகர், பாசிர் ரிஸ்)

பதில்: வருத்தம் எனக்கு உண்டு, சொல்லிவிடுகிறேன். இடம் குறைந்த ஊரில் வார்ப்படச் சாலை நகர நடுவே நிற்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். அந்த மண்ணில் நடந்த வேலைக்கு ஒரு சாட்சி வேண்டாமா? பேராக்கில் பத்து காஜா பக்கம் போய்ப் பாருங்கள். 1938-இல் செய்த ஈய வாளிக்கப்பல், 4,500 டன் எடை, 1982 வரை ஓடியது. அதை அப்படியே நிறுத்தி, ஏறிப் பார்க்கவிட்டிருக்கிறார்கள். ஒரு குழந்தை அந்த வாளிச் சங்கிலிக்குக் கீழே நின்றால், தாத்தாக்கள் எதோடு போராடினார்கள் என்று சொல்லாமலே புரியும். ரிவர் வேலி ரோட்டில் ஒரே ஒரு ரப்பர் உருளை, ஒரே ஒரு வார்ப்பு அச்சு, தெருவோரம் நின்றால் போதும். கேட்க வேண்டிய இடத்தில் நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

கேள்வி: முதலாளி பெயர் எல்லாம் சொல்கிறீர்கள். தொழிலாளி பெயர் ஒன்றாவது சொல்லுங்களேன். (வாசகர், ஓவன் ரோடு)

பதில்: இந்த இதழின் மிகச் சரியான கேள்வி. ரைலி, ஹார்கிரீவ்ஸ், ஹோவார்த், எர்ஸ்கின் என்ற நான்கு பெயர்களும் கம்பெனிப் பலகையில் இருந்ததால் எனக்குக் கிடைத்தன. பாய்லருக்குள் புகுந்து உப்புப் பக்கைச் சுரண்டியவர் பெயரைப் பலகையில் யார் எழுதினார்கள்? அதைச் சேர்க்கும் வேலை உங்களுடையதும் என்னுடையதும். தேசிய ஆவணக்காப்பகத்தில் 1979 முதல் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு இருக்கிறது. தமிழிலும் பேட்டிகள் உண்டு. வீட்டில் எண்பது வயது ஃபிட்டர் இருந்தால் இந்த வாரமே கைத்தொலைபேசியை எடுத்துப் பதிவு செய்யுங்கள். "அந்தக் காலம் எப்படி இருந்தது தாத்தா?" என்று கேட்காதீர்கள்; "நல்லாத்தான் இருந்துச்சு" என்று முடித்துவிடுவார். "முதல் நாள் கையில் என்ன கருவி கொடுத்தார்கள்? சம்பளம் எந்தக் கிழமை? ஃபோர்மன் எந்த மொழியில் திட்டினான்? யாருக்கு அடிபட்டது?" என்று கேளுங்கள். பேச்சு நிற்காது.

கேள்வி: என் மகன் ஐ.டி.இ.யில் கடல்சார் பொறியியல் எடுக்கிறேன் என்கிறான். உறவினர்கள் "கிரீஸ் வேலையா?" என்று முகம் சுளிக்கிறார்கள். (தாய், தோ பாயோ)

பதில்: எடுக்கச் சொல்லுங்கள் அக்கா. முகம் சுளிக்கும் உறவினரின் அப்பாவோ தாத்தாவோ செம்பவாங்கில் கிரீஸ் பூசி அவரைப் படிக்கவைத்திருப்பார், விசாரியுங்கள்.

கேள்வி: பிள்ளைகளோடு ஒரே பிற்பகலில் இதையெல்லாம் பார்க்க வழி சொல்லுங்கள். (முன்னே கேட்ட பெந்தமியர் தந்தை)

பதில்: மூன்று மணிக்குத் தேக்காவில், லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்குங்கள். கெர்பாவ் ரோட்டில் டான் டெங் நியா வீடு, அங்கே கரும்புக் கதை. கால்வாயைக் கடந்து மெக்கன்ஸி ரோட்டில் டிராம் கதை. பிறகு பஸ் பிடித்து டேங்க் ரோடு: கோயிலில் கும்பிட்டுவிட்டு யூ.இ. ஸ்குவேரைச் சுற்றி வாருங்கள். அங்கிருந்து ஆற்றோரமாகவே கீழ்நோக்கி நடந்தால் எல்ஜின், கேவனா, ஆண்டர்சன் என்று வரிசையாக வரும். கேவனாவில் மாட்டுப் பலகையைச் சின்னவனை வாசிக்கச் சொல்லுங்கள். ஆண்டர்சனில் ஓரமாக நின்று ரிவெட் தலைகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் மறக்கவேண்டாம். ஆற்றங்கரையில் ஐந்து மணி வரை வெயில் சுடும்.